சவுண்டு கார்டு வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி சி.வி. ராமனைப் பார்த்துட்டுப் போங்க

புதுசா கேமிங் சிஸ்டம் அசெம்பிள் பண்ண லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்கீங்க. பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் முடிவாயிடுச்சு. பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு நண்பர் வந்து, தனியா ஒரு சவுண்டு கார்டு போட்டால் எதிரியின் காலடிச் சத்தம் துல்லியமாகக் கேட்கும் என்று கிளப்பிவிடுகிறார். இன்னொருத்தர் அதெல்லாம் வீண் செலவு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இந்தப் பஞ்சாயத்துக்கு நான் அழைத்து வரும் ஆள், கம்ப்யூட்டர் கேம் விளையாடியதே இல்லை. 1970-லேயே இறந்துவிட்டார். ஆனால் ஒரு சத்தம் எங்கே பிறக்கிறது, எங்கே கெடுகிறது, எங்கே அழகாகிறது என்று வாழ்க்கையில் பல வருஷம் அளந்து பார்த்தவர். சர் சி.வி. ராமன். ராமன் என்றதும் உங்களுக்கு ஒளிதான் ஞாபகம் வரும். பள்ளிப் புத்தகமும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஒளிக்கு முன்னால் அவர் ஒலியின் ஆள். அந்தக் கதை நமக்கு இப்போ தேவைப்படுது.

வயலின் கேட்ட வீடு

1888 நவம்பர் 7 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், வயலினும் வாசிப்பார். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. வீட்டில் ஒரு பக்கம் இயற்பியல் புத்தகங்கள், இன்னொரு பக்கம் வயலின். பையன் இரண்டையும் கேட்டு வளர்ந்தான்.

பதினான்கு வயசில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஆழ்வார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு வழி சொல்கிறேன்: டி.டி.கே. சாலை முனையில் மியூசிக் அகாடமியில் திரும்பி, ராதாகிருஷ்ணன் சாலையில் நேராகக் கடற்கரைக்குப் போய் இடது பக்கம் திரும்பினால் அந்தச் சிவப்புக் கட்டடம் வரும். 1904-ல் பி.ஏ. முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். உடம்பு பலவீனமாக இருந்ததால் இங்கிலாந்து போக வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் எம்.ஏ.வும் இங்கேயே.

அங்கே ஒரு சம்பவம். கூடப் படித்த அப்பா ராவுக்கு ஒலி பற்றிய ஒரு சோதனையில் சந்தேகம் வந்தது. அதிரும் இசைக்கவையில் நூலைக் கட்டி நிலை அலைகளைப் பார்க்கும் மெல்டே சோதனை அது, உங்கள் லேபிலும் செய்திருப்பீர்கள். பேராசிரியரிடம் உடனடிப் பதில் இல்லை. ராமன் அந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் மாற்றி, திரும்பத் திரும்பச் செய்து விடையைப் பிடித்தார். ஒலியியலின் பெரிய தலையான ராலே பிரபுவோடு கடிதப் போக்குவரத்தும் வைத்துக்கொண்டார். ராலே இவரை ஒரு பேராசிரியர் என்றே நினைத்துப் பதில் எழுதினார். 1906-ல் ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனின் ஃபிலசாஃபிக்கல் மேகசினில் வந்தது. அப்போ அவருக்கு வயசு 18. நம்ம ஊர்க் கணக்கில் ஃபர்ஸ்ட் இயர் பையன்.

காலையும் மாலையும் லேப், நடுவில் ஆபீஸ்

1907-ல் எம்.ஏ. முடிந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிச் சம்பாதிக்க வழி கிடையாது. அரசு நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆனார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளோடு கல்யாணம். அவர் வீணை வாசிப்பவர். வீட்டுக்குள் இன்னொரு இசைக்கருவி வந்து சேர்ந்தது.

கல்கத்தாவில் டிராமில் போகும்போது பௌ பஜார் தெருவில் ஒரு போர்டு கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். உள்ளே ஆராய்ச்சி செய்ய ஆளே இல்லை என்று சொல்லும் நிலை. ராமன் நுழைந்தார். காலையில் ஆபீசுக்கு முன்னால் லேப், சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் மறுபடி லேப், ராத்திரி ஒன்பது பத்து மணி வரைக்கும். உதவிக்கு ஆசு பாபு என்கிற அசுதோஷ் தே. கல்லூரி வாசலை மிதிக்காதவர், கைவேலையில் கெட்டிக்காரர். பத்து வருஷம் இப்படியே ஓடியது.

பணமும் கருவியும் குறைவாக இருந்த அந்த லேபில் எதை ஆராய்வது? சுற்றிலும் இலவசமாகக் கிடைத்தது சத்தம்தான். ஏக்தாரா, வயலின், செல்லோ, பியானோ, தம்புரா, வீணை, மிருதங்கம், தபலா என்று வரிசையாக எடுத்துக்கொண்டார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி அவருக்குப் பாலித் பேராசிரியர் பதவி கொடுத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று அந்தப் பதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ராமன் போக மறுத்தார், நிபந்தனைதான் வளைந்தது. சம்பளம் அரசு வேலையில் வாங்கியதில் கிட்டத்தட்ட பாதி. பென்ஷன், அதிகாரம், அடுத்தடுத்த பதவி உயர்வு எல்லாத்தையும் விட்டுட்டு வந்தார். பிளேஸ்மென்ட் சீசனில் இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க.

வயலின் வாசிச்ச மெஷின்

இப்போ நம்ம கேள்விக்கு நேராக வருவோம். ஒரு வயலின் நன்றாக ஒலிக்கிறது என்றால் காரணம் மரமா, தந்தியா, வில்லா, வாசிக்கிறவர் கையா? நாலும் ஒரே நேரத்தில் மாறினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வாசிப்பவரின் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். அதனால் 1920 வாக்கில் ராமன் கையையே எடுத்துவிட்டார். வில் அசையாமல் நிற்கும், வயலின் ஒரே சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகரும்படி ஒரு இயந்திரம் கட்டினார். வில்லின் அழுத்தம், வேகம், பாலத்திலிருந்து வில் இருக்கும் தூரம் என மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். ஒன்றை மாற்றும்போது மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். வில் பாலத்துக்கு நெருங்க நெருங்க நல்ல ஒலி வர எவ்வளவு அதிக அழுத்தம் தேவை என்பது அவருக்கு எண்ணாகவே கிடைத்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மீதியைக் கட்டிப்போடு. கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கு இல்லையா? சவுண்டு கார்டு வாங்கிய நண்பர் என்ன செய்தார் என்று யோசியுங்கள். கார்டு மாற்றினார், கூடவே புது ஹெட்போன் வாங்கினார், டிரைவரோடு வந்த ஈக்வலைசரையும் ஆன் பண்ணினார், வால்யூமும் முன்பைவிடக் கூடிவிட்டது. அப்புறம் கார்டுதான் சூப்பர் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

பாலத்தில் ஒரு நூல், தோலில் ஒரு கறுப்பு வட்டம்

1921-ல் தம்புராவையும் வீணையையும் பற்றி எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலியில் வரக் கூடாது என்பது பழைய விதி. நம்ம தம்புராவிலும் வீணையிலும் அவை கணீர்னு வந்தன. காரணம் பாலம். வயலின் பாலம் மாதிரி கூர்மையான விளிம்பாக இல்லாமல், தட்டையாக லேசாக வளைந்திருக்கிறது. தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசி எழுகிறது. தம்புராவில் தந்திக்கும் பாலத்துக்கும் இடையில் ஒரு நூலையும் செருகுவார்கள். ஜீவா என்று அதற்குப் பேர். அந்த நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் முழுத் தம்புராவின் ஒலியும் மாறும். சபாவில் கச்சேரிக்கு முன்னால் தம்புராவைச் சுருதி சேர்க்கிறவரின் விரல்களைக் கவனியுங்கள், புரியும்.

மிருதங்கம் இன்னும் பெரிய ஆச்சரியம். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் இருக்கும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் சத்தம் வரும், சுருதி வராது. மிருதங்கத்தின் வலது பக்கம் கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, கரணை, அந்தச் சுமை தோலின் நடுவில் ஏறியதும் அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன. 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் இதைச் சொன்னார். 1934-ல் விரிவாக எழுதினார். தோலின் மேல் மணலைத் தூவி, அது எங்கெங்கே கோடாக ஒதுங்குகிறது என்று பார்த்தே ஒன்பது அதிர்வு முறைகளை ஐந்து சுரங்களுக்குள் அடக்கிக் காட்டினார். பேர் தெரியாத யாரோ ஒரு கைவினைஞர் காதால் கண்டுபிடித்ததை, மணலை வைத்துக் கணக்காக்கினார்.

இரண்டிலும் ஒலியின் தரத்தை முடிவு செய்தது, அதிர்வு காற்றுக்குள் போகும் இடத்தில் இருக்கும் சின்னப் பொருள். பாலம், நூல், தோல், கரணை. உங்க கேமிங் சிஸ்டத்தில் அந்த இடம் எது? ஹெட்போனுக்குள் அதிரும் அந்த மெல்லிய சவ்வு. இதை நான் சொல்லக் காரணம் இருக்கு.

சவுண்டு கார்டு ராஜாவா இருந்த காலம்

ஒரு காலத்தில் தனிச் சவுண்டு கார்டு இல்லாமல் கேம் ஆடவே முடியாது. அப்போதைய பி.சி.க்குள் இருந்தது பீப் அடிக்கும் ஒரு ஸ்பீக்கர் மட்டும். 1989-ல் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் வெளியிட்ட சவுண்டு பிளாஸ்டர்தான் வீட்டு கம்ப்யூட்டருக்கு வாய் கொடுத்தது. பிராசசருக்குச் சக்தி குறைவு, அதனால் ஒலிகளைக் கலப்பதையும் எதிரொலி சேர்ப்பதையும் கார்டே செய்தது. 1997-க்குப் பிறகு மதர்போர்டிலேயே ஒலிச் சிப் வரத் தொடங்கியது. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, கேம்கள் அதுவரை சவுண்டு கார்டின் வன்பொருளிடம் கொடுத்த வேலையை இயங்குதளம் மென்பொருள் பக்கம் மாற்றிவிட்டது. இன்றைக்கு காலடிச் சத்தம் இடமா வலமா என்று கணக்குப் போடுவது கேமும் உங்கள் பிராசசரும்தான். வாலரண்ட் செட்டிங்ஸில் எச்.ஆர்.டி.எஃப். என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அந்தக் கணக்குதான் அது. கார்டு போட்டால் எஃப்.பி.எஸ். ஏறும் என்ற பேச்சுக்கும் இன்றைக்கு அர்த்தம் இல்லை.

அந்தத் திசைக் கணக்கின் அடிப்படையை 1907-லேயே எழுதியவர், ராமனுக்குக் கடிதம் போட்ட அதே ராலே. தாழ்ந்த சுரத்தில் இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தாலும், உயர்ந்த சுரத்தில் சத்த அளவின் வித்தியாசத்தாலும் நாம் திசையை உணர்கிறோம். ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் அதிகபட்ச நேர வித்தியாசம் சுமார் 0.6 மில்லி நொடி. உங்க மதர்போர்டு ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகளை அனுப்புகிறது, அதாவது ஒரு மாதிரிக்கு சுமார் 0.02 மில்லி நொடி. வேலைக்கு இது தாராளம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் கவலை வேண்டாம். சி.டி. தரமான 16 பிட்டே 96 டெசிபெல் தரும். நல்ல மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏ.எல்.சி. 1220 சிப்புக்கு நிறுவனம் சொல்லும் எண் 120 டெசிபெல். ஹாஸ்டல் ரூமில் மேலே சுற்றும் ஃபேன் சத்தத்துக்கு முன்னால் இந்த வித்தியாசத்தை நீங்கள் கேட்கப் போவதில்லை.

அப்போ யாருக்குத் தேவை?

சிலருக்குத் தேவைதான். ஹெட்போனில் எப்பவும் இரைச்சலோ, மவுஸ் நகர்த்தும்போது கீச் சத்தமோ கேட்டால், முதலில் கேபினட்டின் முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்க ஜாக்கில் சொருகிப் பாருங்கள். முன்பக்க வயர் கிராஃபிக்ஸ் கார்டு பக்கமாக ஓடி மின் இரைச்சலைப் பிடிக்கலாம். எர்த் சரியாக இருக்கும் பிளக்கையும் பாருங்கள். அப்புறமும் தீரவில்லை என்றால் பெட்டிக்கு வெளியே இருக்கும் யு.எஸ்.பி. ஒலிக்கருவி நல்லது, உள்ளே சொருகும் கார்டு அதே இரைச்சலுக்கு நடுவில்தான் உட்காரும். 250, 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் வைத்திருந்து வால்யூம் முழுக்க வைத்தும் சத்தம் பத்தவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பாட்டு ரெக்கார்டு பண்ணுகிறவருக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும்.

உங்களுடையது யு.எஸ்.பி. அல்லது வயர்லெஸ் ஹெட்செட்டா? அப்படின்னா அதுக்குள்ளேயே ஒரு குட்டிச் சவுண்டு கார்டு இருக்கு. தனிக் கார்டு வாங்கினாலும் ஒலி அதன் வழியாகப் போகவே போகாது. மற்ற எல்லாருக்கும் பதில் ஒன்றுதான்: அந்தப் பணத்தை ஹெட்போனில் போடுங்கள்.

பெரிய மனுஷருக்கும் காது அடைக்கும்

ராமனின் மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1921-ல் இங்கிலாந்து போனவர் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தில், சுவரோடு ஒட்டிப் போகும் ஒலியை ஆராய்ந்தார். திரும்பும் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1927-ல் ஜெர்மனியின் இயற்பியல் கலைக்களஞ்சியத்துக்கு இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதியது அவர்தான். 1928 பிப்ரவரி 28-ல் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து சில நூறு ரூபாய்க் கருவிகளில் ராமன் விளைவைக் கண்டார். ஆழ்வார்பேட்டைக்காரர்களுக்கு ஒரு பொருத்தம்: மியூசிக் அகாடமி தொடங்கியதும் அதே 1928. பக்கத்து மயிலாப்பூரில் அவருடைய அண்ணன் சி.எஸ். ஐயர் வயலின் வாசித்துக்கொண்டு கர்நாடக இசை பற்றி எழுதினார். அந்த அண்ணனின் மகன்தான் பின்னாளில் நோபல் பெற்ற சந்திரசேகர். ராமனுக்கு நோபல் 1930-ல். பெங்களூரில் இருந்தபோது 1935-ல் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, மீயொலி அலைகள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன என்று விளக்கினார். ஒலியை அவர் முழுசா விடவே இல்லை.

ஒரு விஷயத்தை மறைத்தால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1933-ல் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்த கமலா பகவத்தை, பெண் என்ற காரணத்துக்காக இயக்குநராக இருந்த ராமன் மறுத்தார். கமலா விடவில்லை. கடைசியில் ஒரு வருஷம் சோதனை அடிப்படையில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். கமலாவின் வேலையைப் பார்த்த பிறகு மற்ற பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார், கமலா சோஹனி என்ற பேரில் நாம் அறிவது அவரைத்தான். வயலினில் கையின் பிழையை நீக்க மெஷின் கட்டியவருக்கே, மனசிலிருந்த முன்முடிவை நீக்க ஒரு பெண்ணின் ஒரு வருஷ உழைப்பு தேவைப்பட்டது. அப்போ காசு கொடுத்து வாங்கிய கார்டைப் பற்றி நம்ம காது சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அதனால் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கார்டு வைத்திருக்கும் நண்பரின் சிஸ்டத்தில், அதே ஹெட்போன், அதே கேம், ஈக்வலைசர் ஆஃப். இரண்டின் வால்யூமையும் முடிந்தவரை சமமாக்குங்கள், கொஞ்சம் சத்தம் கூடினாலே நல்லா இருக்கிற மாதிரி தோன்றும். நீங்கள் திரும்பி உட்காருங்கள். நண்பர் நாணயம் சுண்டி, மதர்போர்டா கார்டா என்று மாற்றி மாற்றிப் பத்து தடவை வைக்கட்டும். நீங்கள் எது என்று எழுதுங்கள். ஒன்பதோ பத்தோ சரியென்றால், குருட்டாம்போக்கில் அது நடக்க வாய்ப்பு 1024-க்கு 11, அதாவது சுமார் ஒரு சதவீதம். உங்கள் காது நிஜமாகவே வித்தியாசம் கேட்கிறது, தைரியமா வாங்குங்க. ஐந்தாறுதான் சரியென்றால் பணம் மிச்சம்.

1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் ராமன் இறந்தார். அவருக்குப் பிடித்த கருவிகள் இன்றைக்கும் மார்கழியில் டி.டி.கே. சாலையில் ஒலிக்கின்றன. நாரத கான சபாவிலோ அகாடமியிலோ காலை நேரத்தில் இலவசக் கச்சேரி இருந்தால் ஒரு நாள் போய் உட்காருங்க. கண்ணை மூடிக்கொண்டு, தம்புராவில் எத்தனை சுரம் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்க. எதிரியின் காலடியைப் பிடிக்க நீங்கள் நம்பியிருக்கும் காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.